பிரிங்க்மன் வீட்டு மாப்பிள்ளைக்கு

கதிரு, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "லைன் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. அன்றிலிருந்து சோறு வடிக்கும்போதும், காய் பொறுக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பதறிப்போவாய். அதனால் எழுதுகிறேன். இதை நீ லேனாவுக்கும் படித்துக் காட்டலாம், அவள் அப்பாவுக்கும் சொல்லலாம். ஒளிக்கிற சங்கதி இதில் ஒன்றும் இல்லை.

நீ கேட்டது இதுதான். "அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரே குடும்பப் பேரு வச்சுக்கலாம்னு இங்க இருக்கு. லேனா வீட்டுக்கு அவ ஒருத்திதான். அவளோட அந்தப் பேரு நின்னுபோகும். அதனால பிரிங்க்மன்னு நானும் எடுத்துக்கிறலாம்னு நெனைக்கிறேன். நீ வேணாம்னா விட்டுர்றேன்." கடைசி வாக்கியத்தை நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. பையன் முடிவு பண்ணிவிட்டான் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் உனக்குப் பிடித்த புளிக்குழம்பை வைத்து நானே சாப்பிட்டிருப்பேன். நீ என் கையில் கொடுத்துவிட்டாய். உன் அப்பாவும் இப்படித்தான், கஷ்டமான முடிவை எல்லாம் மரியாதை என்ற பெயரில் என் மடியில் போட்டுவிட்டு ஜீப் ஏறிவிடுவார்.

நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அதற்குள் அப்பா உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். நீ பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பாவின் பெயரை முழுசாக எழுதிவிட்டு வந்தாய். ஜெர்மனிக்குப் போனதும் அதுவே உன் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ஆபீசில், பாங்கியில், வீட்டுக்காரரிடம் எல்லாம் உன்னைக் கதிரவன் என்று கூப்பிடுவது இல்லை, அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. அப்பா நம்மை விட்டுப் போன வருஷம் அது. அப்போது எனக்கு எதுவும் காதில் விழாது.

பிறகு ஒருநாள் நீ ஆபீஸ் வராந்தாவில் நின்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாய். நான் முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்த காயையும் வெளுத்த காயையும் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உனக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு ஆம்பிளைக் குரல் உன் அப்பாவைக் கூப்பிட்டது. அவருடைய பெயரை, முழுசாக, சத்தமாக, ஏதோ அவசர வேலைக்கு ஆள் தேடுகிற மாதிரி. நீ திரும்பி, நம் "ஆமாம்" மாதிரி "யா" என்றாய். என் கையிலிருந்த முறம் சரிந்து காயெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. "என்னம்மா சத்தம்" என்று நீ கேட்டாய், "பூனை" என்றேன். நம் வீட்டில் பூனை இல்லை என்பது உனக்கே தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். "சோலி நேரத்துல கூப்பிடாதம்மா, சாயங்காலம் பேசுவோம்" என்று நீ எத்தனையோ முறை சொன்னாய். நான் சோலி நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். உப்பு எவ்வளவு போடுவது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு இழுத்துக்கொண்டே இருப்பேன். யாராவது உன்னைக் கூப்பிடுவார்களா என்றுதான். சில நாள் கிடைக்கும். பல நாள் கிடைக்காது. கிடைத்த நாளில் இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிடுவேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நீ கவலைப்பட்டாய் அல்லவா, அதற்குக் காரணம் இதுதான்.

இந்த உலகத்திலேயே உன் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்கிற இடம் உன் ஆபீஸ் வராந்தா ஒன்றுதான் கதிரு. அவர் உயிரோடு இருந்தபோது இங்கேயும் யாரும் சொல்லவில்லை. அது உனக்குத் தெரியாது, நீ பிறந்ததிலிருந்து அவர் உனக்கு அப்பா.

அவர் ராசிங்காபுரத்திலிருந்து வீட்டோட மாப்பிள்ளையாக வந்தவர். என் அப்பாவுக்கு நான் ஒரே பெண். போடியில் இந்த வீடும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சரிவில் ஏலத் தோட்டமும் இருந்தன, பார்த்துக்கொள்ள ஆம்பிளைப் பிள்ளை இல்லை. பெண் கொடுக்கும்போதே பேசித்தான் கொடுத்தார்கள். என் அப்பா அவரை "மாப்ளே" என்றார். கொஞ்ச நாளில் ஜீப் ஓட்டுகிறவர், தோட்டத்துக் காவல்காரர், காய் எடுக்க வருகிற பெண்கள், பஜாரில் காய் வாங்குகிற கடைக்காரர் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். "மாப்பிள்ளை காட்டுல எறங்குறவுக வெரசா எறங்குங்க" என்று டிரைவர் சத்தம் போடுவார். ராசிங்காபுரத்துக்குப் போனால் அவர் அம்மாவுக்கு அவர் அப்பு, தம்பிகளுக்கு அண்ணே. நான் அந்தக் காலத்து மனுஷி. "ஏங்க", "இந்தாங்க", நீ பிறந்த பிறகு "கதிரு அப்பா". ஆக, ஆசையாகப் பார்த்து அவருடைய தாத்தா வைத்த அந்தப் பெயரைச் சொல்வதற்கு ஆளே இல்லாமல் போயிற்று.

அவருக்கு அது வருத்தமா என்று கேட்பாய். எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. என் அப்பா காலமான வருஷம், முதல் எடுப்புக் காயை உலர்த்தி மூட்டை கட்டியபோது, சாக்கில் மார்க் போட வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்துக் காய் என்று பஜாரில் தெரிவதற்குச் சாக்கின் மேல் தோட்டத்துச் சொந்தக்காரர் பெயரின் எழுத்தை மையால் எழுதுவது வழக்கம். அதுவரைக்கும் என் அப்பாவின் எழுத்துதான். நான் மைக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கொண்டுபோய்க் கொடுத்து, "இனிமே உங்க எழுத்தப் போடுங்க" என்றேன். அவர் பிரஷ்ஷை முக்கி எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மை சொட்டிச் சாக்கு வீணாகிறதே என்று எனக்குப் பதைப்பு. பிறகு குனிந்து என் அப்பாவின் எழுத்தையே எழுதினார். "மாமா மார்க்குக்குத்தான் பஜார்ல மதிப்பு. பேரு மூட்டைக்குத்தான் வேணும், எனக்கு எதுக்கு? நீ 'ஏங்க'ன்னா நான் வந்துரப் போறேன்" என்றார். நான் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். அது பெருந்தன்மைதான். ஆனால் அது மட்டுமே இல்லை என்பது ஓட்டுப் போடுகிற நாளில் தெரியும்.

எந்தத் தேர்தலாக இருந்தாலும் அவர்தான் நம் தெருவில் முதல் ஆள். எடுப்புக் காலமாக இருந்தாலும் அன்றைக்கு மலைக்குப் போகமாட்டார். சலவை வேட்டி கட்டி, விபூதி பூசி, பள்ளிக்கூட வாசல் திறப்பதற்கு முன்னால் போய் நிற்பார். அரசியலில் இத்தனை ஈடுபாடா என்று நான் கேலி பண்ணுவேன். யாருக்குப் போட்டார் என்றுகூடச் சொன்னதில்லை. ஒருமுறை அவருக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே உட்கார்ந்திருக்கிற அதிகாரி அவருடைய பெயரைச் சத்தமாக வாசித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி நின்றார். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு நாலு பேரு சொன்னாக" என்றார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

இப்போது லேனா வீட்டுப் பெயருக்கு வருகிறேன். போன தை மாதம் அவள் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்திருந்தார்களே, நீதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப்போனாய். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் நுழைந்ததும் அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் பலகார வாசனை என்று சொன்னாரே, அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தோட்டத்துப் பாறையில் உட்கார்ந்து டீ குடித்தபோது நான்தான் கேட்டேன், உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று. பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் பெரிய கதையே சொல்லிவிட்டார்.

பிரிங்க் என்றால் அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் மேட்டுச் சரிவு. ஊர்ப் பொது நிலத்தின் ஓரத்தில், உழவுக்கு ஆகாத மேட்டில், சொந்த நிலம் இல்லாதவர்கள் குடிசை போட்டுக்கொள்வார்களாம். அந்தக் காலத்தில் அங்கேயும் நம்மைப் போல ஒற்றைப் பெயர்தான். ஒரே ஊரில் அதே பெயரில் பல பேர் இருந்தால், எந்த ஆள் என்று கேட்பார்கள், சரிவில் இருக்கிற ஆள் என்பார்கள். அப்படித்தான் பிரிங்க்மன் வந்தது. செல்வாக்கான பெயர் இல்லை, ஒதுங்கி வாழ்ந்த ஏழைப்பட்ட பெயர் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுத் தன் போனில் அந்தச் சரிவின் படத்தைக் காட்டினார். நம் பஸ் ஸ்டாண்டு மேடு அளவுக்குக்கூட இல்லை. நான் நாம் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே பள்ளத்தைக் காட்டி, "படத்துல இருக்கறதுக்குப் பேரு சரிவுன்னா இதுக்குப் பேரு என்னன்னு கேளுடா" என்றேன். நீ மொழிபெயர்த்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போகப் போக அந்தக் குடிசை பண்ணை வீடாயிற்று, பெயர் ஆளை விட்டு வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். ஆண் வாரிசு இல்லாமல் பெண் மட்டும் இருந்தால், கட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். நிலத்துக்கு என்ன பெயரோ, அதை ஆள்கிறவனுக்கும் அதே பெயர். பிற்பாடு அரசாங்கம் வந்து இனி யாரும் நினைத்தபடி பெயரை மாற்றக் கூடாது என்று நிறுத்திவிட்டதாம். அதற்கு முன்னால் அவர்கள் வம்சத்திலேயே அப்படி ஒருவர் வந்திருக்கிறார். வீட்டு முன்வாசல் உத்தரத்தில் அவர் பெயரையும் அவர் மனைவி பெயரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் அவர் பிரிங்க்மன்தான். "ஆக, நாங்க எல்லாரும் ரத்தத்தால பிரிங்க்மன் இல்ல, வீட்டால பிரிங்க்மன்" என்று அவர் சொன்னதாக நீ சொன்னாய்.

நான் டீ டம்ளரைப் பாறையில் வைத்தேன். "அந்த மாப்பிள்ளையோட பழைய பேரு என்னான்னு கேளு" என்றேன். நீ கேட்டாய். அவர் வாயைத் திறந்தார், தன் மனைவியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். தெரியவில்லை. தினமும் அந்த உத்தரத்துக்குக் கீழே நடந்து போகிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லையாம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதற்கு அதைக் கேட்டேன் என்று நீ அப்போது யோசித்திருக்க மாட்டாய். ஏலச்செடிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ராசிங்காபுரத்திலிருந்து வந்த ஒரு மனுஷனைத்தான் நான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

நீ பேர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதும் நான் ஏன் போனை வைத்துவிட்டேன் என்று இப்போது விளங்கும். லேனா உன்னை வா போ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதை முதல்தடவை கேட்டபோது எனக்குப் பகீர் என்றது. இப்போது பொறாமையாக இருக்கிறது. நன்றாகக் கூப்பிடட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை கூப்பிடச் சொல். நீ அவள் வீட்டில் மாமனாரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது அவர்கள் பேசுவது புரியாவிட்டாலும் எழுந்துபோய்விடாதே. உன் அப்பா முதல் வருஷம் முழுக்க என் அப்பா பேசுகிற பஜார் கணக்கு புரியாமல் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருந்ததால்தான் அவர் இந்த வீட்டு ஆள் ஆனார். ஆனால் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிடு. அதை உன் அப்பா சொல்லவில்லை, அதனால் மனசில் பலதைத் தனியாகச் சுமந்தார்.

ஒன்றை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சு வலி வந்து தேனி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாள். நீ டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாய். பரிசோதனைக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நல்ல கூட்டம். ஒரு நர்சுப் பெண் கதவைத் திறந்து அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. மயக்கமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. தோளை உலுக்கி, "உங்களத்தான் கூப்பிடுறாக" என்றேன். அப்போதும் சும்மா இருந்தார். அந்தப் பெண் இன்னும் உரக்க இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அதன் பிறகு எழுந்து, வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "மொதத் தடவையே கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவ கூப்பிடட்டும்னு உக்காந்திருந்தேன்." நடந்துபோகிறபோது திரும்பி, "நீயும் ஒரு தடவ சொல்லேன்" என்றார். "போங்க, யாராச்சும் கேட்டா சிரிப்பாக" என்று நான் முந்தானையை இழுத்துக்கொண்டேன். உள்ளே போனவர் அப்புறம் நடந்து வெளியே வரவில்லை.

எனக்கு அவர் வேண்டும் கதிரு. பெயரோடோ பெயர் இல்லாமலோ, ஜீப்பிலிருந்து இறங்கி மேலெல்லாம் ஏலக்காய் வாசனையோடு இந்த வாசலில் வந்து நின்றால் போதும். அது நடக்காது என்பதால்தான் உன் ஆபீஸ் வராந்தாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். உன்னை அங்கேயே நிறுத்தி வைத்து, என் காதுக்காக நீ ஆயுசு முழுக்க அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும் என்று கேட்க எனக்கு ஆசைதான். நேற்றுவரைக்கும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன்.

ஆனால் நேற்று ஸ்டோரில் பழைய சாக்குகளை உதறும்போது அவர் கையால் போட்ட மார்க்கைப் பார்த்தேன். என் அப்பாவின் எழுத்து, அவருடைய கை. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிரஷ் அவர் கையில்தான் இருந்தது. பிடித்த வீட்டுக்கு, பிடித்த பெண்ணுக்காக, எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார். லேனாவும் என்னைப் போல ஒற்றைப் பெண். அவளைப் பெற்றவருக்கும் என் அப்பாவுக்கு இருந்த ஏக்கம்தான் இருக்கும். உன் அப்பா எனக்குச் செய்ததை நீ அவளுக்குச் செய்வதை நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்? எடுத்துக்கொள். பிரிங்க்மன் என்றே இரு. ஒன்று மட்டும், உன் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளிடம் யாராவது அந்தச் சரிவில் நின்று, உங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் பழைய பெயர் என்ன என்று கேட்டால், அவர்கள் தலையைச் சொறியக் கூடாது. அதற்கு நீ பொறுப்பு.

நான் அங்கே வர முடியாது. முட்டி ஒத்துழைக்கவில்லை. நீங்கள் இங்கே வந்து கோயிலில் மாலை மாற்றிக்கொள்ளும்போது பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே பதிவு ஆபீசில் நடப்பதை எனக்குப் போனில் கேட்க வை. அதிகாரி உன்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பார், அதற்கு அப்புறம்தான் புதுப் பெயரில் கையெழுத்து என்று நீ சொன்னாய். அதாவது அந்தப் பெயரை உனக்கென்று கூப்பிடுவது அதுதான் கடைசி. அப்போது உடனே "யா" என்று சொல்லிவிடாதே. லேனாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வை, பாவம், மாப்பிள்ளைக்கு மனசு மாறிவிட்டதோ என்று பயந்துவிடப் போகிறாள். மற்றவர்கள் பதறினால் பதறட்டும். நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் தடவை சும்மா இரு. அந்த அதிகாரி இன்னொரு தடவை கூப்பிடட்டும், சுருளிவேல் என்று.

அம்மா